காசிம் பாய் வெட்டாத ரீல்

வாசகப் பெருமக்களே, இந்த வழக்கில் உங்களை நடுவராக அமர்த்தும் எண்ணம் எனக்கில்லை. நடுவர்களை வாதத்தால் வளைத்துப் பழகியவன் நான். எனவே உங்களைச் சாட்சியாகவே அழைக்கிறேன். குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே, கண்மாய்க்கரைப் பொட்டலில் நின்ற டூரிங் கொட்டகையில், தரை டிக்கெட் வாங்கி, மணலைக் கூட்டி மேடாக்கி, அதன்மேல் என் முன்னால் அமர்ந்திருந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டதைக் கண்டபடி சொன்னால் போதும்.

குற்றச்சாட்டு இது. சிறையிலிருந்து தப்பியோடிய ஐந்து கைதிகளைப் பற்றிய ஆங்கிலப் படம் ஒன்று அங்கே ஓடியது. அதன் கடைசி ரீலை ஆபரேட்டர் காசிம் பாய் வெட்டிவிட்டார் என்று, முதல் நாள் மட்டும் படம் பார்த்துப் போன வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் சந்தையில் சொல்கிறார்களாம். காசிம் பாய் வெட்டவில்லை. அவர்கள் தேடுகிற ரீல் உலகத்தில் எங்கும் எடுக்கப்படவே இல்லை. அதை உண்டாக்கியவன் நான். உண்டாக்கிய கருவி என் நாக்கு. இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிமார்களுக்காகவும், காசிம் பாயின் பெயருக்காகவும் இதை எழுதி வைக்கிறேன்.

1. மைக் பிடித்த கதை

புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் இண்டர்மீடியட் முடித்திருந்தேன். முடித்தது பரீட்சையா படிப்பா என்ற ஆராய்ச்சி இங்கே தேவையில்லை. விவாத மேடைகளில் பெற்ற கோப்பைகள் மட்டும் எங்கள் வீட்டில் ஏழு. நகரமா கிராமமா, வாளா எழுதுகோலா, பணமா குணமா: எந்தப் பக்கம் நிற்கச் சொன்னாலும் நிற்பேன். மேடை ஏறும்போது சீட்டெடுத்துப் பார்த்துத்தான் என் கொள்கை எதுவென்று எனக்கே தெரியும். எடுத்த கட்சியை இடையில் விட்டதில்லை என்பது என் பெருமை.

என் தந்தையாருக்கு இந்தப் பெருமை எட்டவில்லை. கீரனூரில் தாய்மாமன் நடத்திய உரக்கடையில் என்னை உட்கார வைக்க நாள் பார்த்துவிட்டார். அந்த வாரத்திற்குள் எனக்கு வேறு வேலை அமையாவிட்டால், வெள்ளிக்கிழமை முதல் நான் அமோனியா மூட்டைகளுக்குச் சொற்பொழிவு ஆற்ற வேண்டும்.

அப்போதுதான் கொட்டகை முதலாளி வெள்ளைச்சாமி ஆள் அனுப்பினார். அவருக்கு வரவேண்டிய தமிழ்ப் படப்பெட்டி வேறு ஊரில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மாற்றாகத் திருச்சியிலிருந்து ஓர் ஆங்கிலப் படப்பெட்டி பஸ் கூரையில் ஏறி வந்து இறங்கியது. ஆங்கிலப் படமென்றால் பக்கத்தில் ஒருவர் மைக் பிடித்துக் கதை சொல்லவேண்டும். அதுவே அன்றைய வழக்கம். வழக்கமாகக் கதை சொல்பவர் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தார்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பிக்கு இங்கிலீசு வருமா?”

“வாசிப்பேன், எழுதுவேன், வாதிடுவேன்.”

“காதுல விழுந்தாப் புரியுமாங்கிறேன்.”

“புரியும்” என்றேன். வாழ்நாளில் ஒரு வெள்ளைக்காரர் பேசிக்கூட நான் கேட்டதில்லை. ஆனால் ‘தெரியாது’ என்ற சொல் என் மேடை அகராதியில் இடம்பெற்றதில்லை.

“மூணு நாளு ஓட்டணும். சனம் எந்திரிச்சுப் போகாம ஒக்கார வச்சீன்னா இந்த மைக்கு ஒனக்கு நிரந்தரம். எந்திரிச்சுருச்சுன்னா அவங்களோட சேந்து நீயும் போயிரு.”

2. காசிம் பாயின் டப்பா

மணமேல்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர் காசிம் பாய். நாற்பது வயதிருக்கும். பதினொரு ஆண்டுகளாக வெள்ளைச்சாமியின் கொட்டகைக்கு ஆபரேட்டர். ஆபரேட்டர் என்றால் ஊரார் முதலில் கேட்பது, “எத்தனை ரீலை வெட்டுனான்?” என்பதுதான். சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக ஆபரேட்டர்கள் படத்தை வெட்டிவிடுகிறார்கள் என்ற சந்தேகம் அப்போது எல்லா ஊருக்கும் பொது. பாட்டு ஒன்று குறைந்தாலும், சண்டை ஒன்று சுருங்கினாலும் பழி அவர் தலையில்தான் விழும்.

அதனால் காசிம் பாய் ஒரு மூக்குப்பொடி டப்பா வைத்திருந்தார். பிலிம் அறுந்தால் இரண்டு முனையையும் செதுக்கிச் பிலிம் சிமெண்டு என்ற பசையைத் தடவி ஒட்டுவார். செதுக்கிய துணுக்கு நகமளவே இருந்தாலும் அதை அந்த டப்பாவில் போட்டு, எந்தப் படம், எந்த ரீல் என்று காகிதத்தில் குறித்து, பெட்டியோடு திருப்பி அனுப்புவார். நாள்தோறும் கையில் கத்தரிக்கோல் பிடிக்கும் மனிதர், கத்தரிக்கோலால் ஒருபோதும் பெயர் கெடாமல் பதினொரு ஆண்டுகள் இருந்தார். இதைச் சாட்சியாகிய நீங்கள் நினைவில் நிறுத்த வேண்டும்.

“தம்பி, படத்த ஒருவாட்டி ஓட்டிக் காட்டவா? பேசுறதுக்கு வசதியா இருக்கும்” என்று மதியமே அவர் கேட்டார்.

“வேண்டாம் பாய். ஆயத்தமில்லாமல் பேசுவதே என் தனித்திறமை.”

அவர் புரொஜெக்டர் விளக்கில் எரியும் கார்பன் குச்சிகளைத் துடைக்கப் போய்விட்டார்.

3. ஐவர் நடந்தார்கள்

கொட்டகையில் புரொஜெக்டர் ஒன்றுதான். இரண்டு ரீலுக்கு ஒருமுறை படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, பிலிம் சுற்றிய அடுத்த ஸ்பூலை மாட்டுவார்கள். ஆக ஒரு படத்துக்கு ஐந்து பாகம், நான்கு இடைவேளை. ஒவ்வொரு இடைவேளையிலும் முறுக்கும் கடலையும் சோடாவும் சுற்றிவரும். கதை சொல்பவரிடம் சந்தேகம் கேட்கவும் அதுதான் நேரம். விவாத மேடையில் ஒருமுறை பேசி இறங்கினால் முடிந்தது. இங்கே நான்கு முறை குறுக்கு விசாரணை உண்டு என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

திரைக்குப் பக்கத்தில் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றேன். அவையோருக்கு முதுகைக் காட்டக்கூடாது என்பது மேடைப் பேச்சின் முதல் பாடம். ஆகவே சனங்களைப் பார்த்து நின்று, திரையை ஓரக்கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினேன். தம்பிமார்களே, இந்த வரியின்கீழ்க் கோடு போட்டுக்கொள்ளுங்கள். என் வீழ்ச்சி இங்கேதான் தொடங்கியது.

முதல் பாகத்தில் எனக்குக் குறையில்லை. நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு தீவுச் சிறை. சங்கிலி, சவுக்கு, கல்லுடைப்பு. “விலங்கொலி கேட்கிறதா, வீரப் பெருமக்களே! ஒலிப்பது இரும்பா? இல்லை, இதயம்!” என்றேன். பெஞ்சு டிக்கெட்டில் விசில் பறந்தது. ஐந்து கைதிகள் ஒரு கோடாரியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். மழை பெய்தது. குளிர். மரம். மறுபடியும் மழை.

அதன்பிறகு அந்த ஐவரும் பேசவே இல்லை. நடந்தார்கள், நின்றார்கள், மறுபடியும் நடந்தார்கள். வாய் திறந்தபோதும் ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு முனகல் மட்டும் வந்தது. நான் படித்த ஆங்கிலத்துக்கும் அதற்கும் உறவே இல்லை. இப்படிப்பட்ட மௌனத்தை ஒரு பேச்சாளன் எப்படிப் பொறுப்பான்? ஐவருக்கும் நானே வாழ்க்கை வரலாறு வழங்கினேன். தாடிக்காரருக்கு வயதான தாய். மொட்டைத் தலையருக்கு மணமாகி மூன்று மாதம். குள்ளருக்குச் சொந்த ஊரில் ஓட்டல். சுருட்டைமுடிக்காரர் தங்கை கல்யாணத்துக்கு உழைப்பவர். கோடாரி ஏந்திய நெட்டையர் நால்வரையும் காக்கும் தலைவர்.

பெண்கள் பக்கத்திலிருந்து ‘உச்’ கொட்டும் ஒலி எழுந்தது. அங்கே முன்வரிசையில் இருந்தவர் அழகம்மாள். நடவு வேலைக்கு இருபது, இருபத்திரண்டு பெண்களைக் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறவர். வயலின் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கேட்கும் குரல். எங்கே போனாலும் கிளம்பும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும் தலை எண்ணுவது அவர் வழக்கம்.

இரண்டாம் பாகத்தில் உணவு தீர்ந்தது. நெட்டையர் தம் இடுப்பு பெல்ட்டை அவிழ்த்துத் துண்டுபோட்டு, ஒரு தகரத்தில் வேகவைத்தார்.

“கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறது” என்றேன்.

“அது பெல்ட்டுல்லப்பா!” என்றது தரை டிக்கெட்.

“வெள்ளைக்காரர் நாட்டில் கருவாடு நீளமாகத்தான் இருக்கும்” என்றேன்.

பிறகு நெட்டையரும் தாடிக்காரரும் ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போனார்கள். நான் அப்போது தாயன்பைப் பற்றி ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். வாக்கியத்தை முடித்து ஓரக்கண்ணால் பார்க்கையில் நெட்டையர் மட்டும் திரும்பி வந்தார். அடுத்த காட்சியில் நால்வரும் நெருப்பைச் சுற்றி அமர்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தார்கள். படமெடுத்தவர் நாகரிகமான மனிதர். கோடாரி ஓங்குவதைக் காட்டுவார், இறங்குவதைக் காட்டமாட்டார். அந்த நாகரிகம் என்னைக் கவிழ்த்துவிட்டது.

“தாய்ப்பாசம் தடுக்க முடியாதது! தாடிக்காரர் குறுக்குவழியில் தம் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்! இங்கே இவர்களுக்கோ ஒரு கொழுத்த முயல் கிடைத்துவிட்டது!”

கொட்டகையே கைதட்டியது. விளக்கு எரிந்தது. முறுக்குத் தட்டு மூன்று முறை காலியானது. பசிக்காட்சி பார்த்த சனங்களுக்குப் பசி வந்துவிட்டது.

அழகம்மாள் எழுந்து நின்றார். “ஏந் தம்பி, அந்தத் தாடிக்காரரு ஊரு தூரமா? பத்திரமாப் போய்ச் சேந்துருவாருல்ல?”

“நிச்சயமாகச் சேர்ந்துவிடுவார் அக்கா.”

“அப்பச் சரி. அஞ்சு பேரு கெளம்புனா அஞ்சு பேரும் போய்ச் சேரணும்ல.”

நான் தண்ணீர் குடிக்க ஆபரேட்டர் அறைப் பக்கம் ஒதுங்கினேன். ஸ்பூல் மாட்டிக்கொண்டிருந்த காசிம் பாய் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி. அது முயலில்ல.”

“மானா பாய்?”

“மானுமில்ல.”

“வேறே என்னதான்?”

“தாடிக்காரன்.”

4. கட்சி மாறாதவன்

அந்த இடத்தில் நான் மேடைக்குத் திரும்பி, “பெருமக்களே, பிழை” என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணங்களை வரிசைப்படுத்துகிறேன்: பெண்கள் பக்கம் குழந்தைகள் இருந்தார்கள், முறுக்குத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது, உரக்கடையில் எனக்கான முக்காலி தயாராக இருந்தது. இவையெல்லாம் பொய்க் காரணங்கள். மெய்க் காரணம் ஒன்றே ஒன்று. கைதட்டு வாங்கிய கட்சியை நான் அதுவரை கைவிட்டதில்லை.

மூன்றாம் பாகத்தில் குள்ளர் மறைந்தார். “தாடிக்காரரைத் தனியே அனுப்ப மனமின்றித் துணைக்குப் போகிறார்” என்றேன். கோடாரி ஓங்கியது. “விறகு!” என்று மின்னல் வேகத்தில் சொன்னேன். அடுத்துச் சுருட்டைமுடிக்காரர் மறைந்தார். “மூவரும் சேர்ந்து படகு கொண்டுவரத் திட்டம்” என்றேன். அந்தப் படகை நான் கற்பனை செய்த கணத்தில் கொட்டகை எழுந்து ஆரவாரித்தது. ஆபரேட்டர் அறைத் துவாரத்தில் காசிம் பாயின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணைப் பார்க்காமல் பேசக் கற்றுக்கொண்டேன்.

நான்காம் பாகம் முழுக்க நெட்டையரும் மொட்டைத் தலையரும் மட்டுமே. நெருப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இரண்டு இரவு, ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இமைக்கவில்லை. தலை சாய்ந்தால் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள்.

“நண்பர்கள் இருவருக்கும் பிரிய மனமில்லை. உறக்கத்தையும் மறந்து கண்களாலேயே உரையாடுகிறார்கள். நட்புக்கு நாவெதற்கு?” என்றேன்.

“பாருடா, சினேகிதம்னா அப்படி இருக்கணும்” என்று தரை டிக்கெட்டில் ஒருவர் தம் பக்கத்து ஆளின் முதுகில் தட்டினார்.

மொட்டைத் தலையர் கண்ணயர்ந்தார். நெட்டையர் எழுந்தார். விளக்கு எரிந்தது.

நான்காம் இடைவேளையில் அழகம்மாள் விடவில்லை. “படகு எப்பத் தம்பி வரும்?”

“கடைசிப் பாகத்தில் வரும் அக்கா. மூவரும் வருவார்கள். தாடிக்காரரின் தாயாரும் வருவார்.” தாயாரை ஏன் அழைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஓட்டத்தில் வந்துவிட்டார்.

கடைசிப் பாகம். நெட்டையர் தனியே கடற்கரைக்கு வந்தார். சிப்பாய்கள் பிடித்தார்கள். ஒரு கோர்ட்டில் நிறுத்தினார்கள். அவர் ஏதோ நாலு சொல் சொன்னார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு நெட்டையரின் முகம். முகம் மட்டும். வெகுநேரம். அதன்மேல் ‘முடிந்தது’ என்று ஆங்கிலத்தில் எழுத்து விழுந்தது.

நான் மைக்கைத் தாழ்த்தினேன்.

விளக்கு எரிந்தது. யாரும் எழவில்லை. அழகம்மாள் மட்டும் எழுந்தார். விரல் மடக்கி எண்ணினார். “கெளம்புனது அஞ்சு. நிக்கிறது ஒண்ணு. நாலு பேரு எங்க?”

தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது: “ரீலை வெட்டிட்டாய்ங்கடா!”

அவ்வளவுதான். “படகு ரீலக் காட்டு!” “தாயார் ரீலப் போடு!” “பாயி, கத்தரிக்கோலக் கீழ வை!” என்று இருநூறு பேர் ஆபரேட்டர் அறையைச் சூழ்ந்தார்கள். காசிம் பாய் கதவைத் திறந்து வெளியே வந்தார். “படம் அம்புட்டுதாங்க” என்றார். யார் நம்புவார்? வெட்டியவன் வேறு என்ன சொல்வான் என்றார்கள். அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சோடாப் பெட்டியிலிருந்து இறங்கி, அது பெட்டிதானா என்று சோதிப்பவன்போலக் குனிந்துகொண்டேன்.

5. முதலாளியின் முடிவு

மறுநாள் காலையில் முதலாளி மலர்ந்த முகத்தோடு வந்தார். “பேச்சாளரே, நீ கெட்டிக்காரன். சுத்துப்பட்டுல எட்டு ஊருக்கு சேதி போயிருக்கு. இன்னிக்கி அந்த ரீலப் போடுவோம்னு அம்புட்டுச் சனமும் வருது. மைக்கு ஒனக்குத்தான், போ.”

“அந்த ரீல் இல்லையே முதலாளி.”

“நாளன்னிக்கிப் பொட்டி திருச்சிக்குப் போயிரும். அதுவரைக்கும் ஓட்டிருவோம். பாயை இன்னியோட நிறுத்திட்டு, ‘வெட்டுன ஆபரேட்டரை நீக்கிட்டோம்’னு வாசல் தட்டியில எழுதி வச்சாச் சனம் சாந்தமாயிரும். கீரனூர்லேர்ந்து வேற ஆளு வாரான்.”

காசிம் பாய் ஏற்கெனவே தம் துணிகளை ஒரு பைக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மூக்குப்பொடி டப்பா மேலே இருந்தது.

“பாய், நேற்றே நீங்கள் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே?”

“நாஞ் சொன்னா வெட்டுனவன் புளுகுறான்னு சொல்லுவாங்க. நீ சொன்னாத்தான் எடுபடும். சொல்றதும் சொல்லாததும் ஒன் இஷ்டம்.” டப்பாவை எடுத்துக் குலுக்கினார். “இதுவரைக்கும் எந்த ஊர்லயும் ஆபரேட்டர்னுதான் கூப்புட்டாங்க. இனிமே ‘வெட்டு பாய்’ம்பாங்க. அம்புட்டுதான்.”

மாலை ஆட்டம்வரை மட்டும் இருக்கும்படி அவரைக் கெஞ்சினேன். இருந்தார்.

6. கரவொலி கெடுத்த ஒப்புதல்

அன்று பொழுது சாய்வதற்கு முன்பே பொட்டல் நிறைந்தது. படம் தொடங்குமுன் நான் பெட்டிமேல் ஏறி, என்னை நானே குற்றஞ்சாட்டி ஓர் உரை ஆற்றினேன். பகலெல்லாம் எழுதி மனப்பாடம் செய்தது.

“பொய்யைப் புனைந்தவன் நான்! புகழுக்குப் பணிந்தவன் நான்! வெட்டியவர் காசிம் பாய் என்றீர்கள். வெட்டியது அவர் கத்தரியன்று, உண்மையை வெட்டியது என் உதடு!”

கைதட்டு அடங்க வெகுநேரமாயிற்று. “அருமையாப் பேசுறாப்ல!” என்றார் ஒருவர். “மொதலாளி எழுதிக் குடுத்துருப்பாரு” என்றார் இன்னொருவர். அழகம்மாள் மனம் உருகிப்போனார். “பாயைக் காப்பாத்த இந்தப் புள்ளை பழியத் தன் தலையில போட்டுக்குது பாருங்கடி. நல்ல தாய் வயித்துப் புள்ளை.”

என் வாழ்க்கையிலேயே சிறந்த உரை அது. அதனால் காசிம் பாயின் குற்றம் மேலும் உறுதியாயிற்று.

பெட்டியிலிருந்து இறங்கினேன். மைக்கை முதலாளியின் நாற்காலியில் வைத்தேன். முதலாளி சைகையால் என்னைத் தடுத்துக்கொண்டிருந்தார். நேரே போய்ப் பெண்கள் பக்கத்தைப் பிரிக்கும் குட்டைச்சுவர் அருகே நின்று, வீட்டில் பேசுகிற பேச்சில் சொன்னேன்.

“அக்கா, தின்னுட்டாங்கக்கா.”

“எதப்பா?”

“தாடிக்காரரை.”

முறுக்கு மெல்லும் சத்தம் நின்றது.

“முயலுன்னியே?”

“முயல் இல்லக்கா.”

“கருவாடு?”

“பெல்ட்டு.”

“தொணைக்குப் போன குள்ளரு?”

“அவரையும்.”

“தங்கச்சிக்குக் கல்யாணம்னியே, அந்தச் சுருட்டை?”

“தங்கச்சியே கெடையாதுக்கா. நாஞ் சொன்னது.”

“அந்த ரெண்டு பேரும் ராவெல்லாம் சினேகிதமாப் பேசிக்கிட்டு இருந்தாங்களே?”

“யாரு மொதல்ல தூங்குவான்னு பாத்துக்கிட்டு இருந்தாங்கக்கா.”

நேற்றுப் பக்கத்து ஆளின் முதுகில் தட்டியவர் இன்று இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தார்.

“ஆத்தாடி, நேத்து நாங்க மூணு தட்டு முறுக்குத் தின்னுக்கிட்டுல பாத்தோம்!” என்று ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்தினார். முறுக்கு விற்பவர் தம் தட்டைத் துணியால் மூடிக்கொண்டு என்னை முறைத்தார். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

அழகம்மாள் மட்டும் அசையவில்லை. “நேத்து ஒண்ணு சொன்ன, இன்னிக்கி ஒண்ணு சொல்ற. எதை நம்புறது? சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணு.”

சூடம் எங்கிருந்தோ உடனே வந்துவிட்டது. ஒரு தகர டப்பாவின் மூடியில் வைத்து ஒருவர் தீக்குச்சியைக் கிழித்தார். அதைப் பார்த்த காசிம் பாய் ஆபரேட்டர் அறையிலிருந்து பாய்ந்து வந்தார். முதல் நாள் இருநூறு பேர் சூழ்ந்தபோதுகூட அவர் அப்படி அலறவில்லை.

“நெருப்ப அணைங்க! பிலிமுப் பொட்டி இங்கன இருக்கு! ஒரு பொறி பட்டாக் கொட்டகையும் இல்ல, நம்மளும் இல்ல! சத்தியம் பண்றதா இருந்தாக் கண்மாய்க்கரைக்குப் போங்க!”

ஆகவே டிக்கெட் வாங்கி உள்ளே வந்த சனங்கள் அனைவரும் எழுந்தார்கள். முன்னால் நான், எனக்குப் பின்னால் மூடியை ஏந்திய ஒருவர், அவருக்குப் பின்னால் நடவுப் பெண்கள், பெஞ்சு டிக்கெட், தரை டிக்கெட் என்று அந்திவெளிச்சத்தில் கண்மாய்க்கரைக்கு ஊர்வலம் புறப்பட்டது. பின்னாலேயே முதலாளி, “திரும்பி வரும்போது டிக்கெட்டக் காட்டணும்!” என்று கூவிக்கொண்டே ஓடிவந்தார். கொட்டகையில் எஞ்சியவர் காசிம் பாய் ஒருவர்தான். அவரை அழகம்மாளே ஆளனுப்பிக் கூப்பிட்டார். “பாயும் வந்து நிக்கட்டும். அவருக்காகத்தான பண்றது.”

சூடம் எரிந்தது. வலது உள்ளங்கையால் அதை அணைத்தேன். “காசிம் பாய் ஒரு ரீலும் வெட்டலை. படகுன்னு ஒரு ரீல் இல்லவே இல்லை. சத்தியம்.” கை பொசுங்கியது. எதுகை, மோனை எதுவும் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அழகம்மாள் காசிம் பாயின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். “மனசுல வச்சுக்காதீங்க பாயி. தெரியாமப் பேசிட்டோம்.”

காசிம் பாய் மூக்குப்பொடி டப்பாவைச் சட்டைப் பையில் போட்டார். “இருக்கட்டும்மா. நேரமாச்சு, கார்பன் போடணும்” என்றார். முதலாளி அவர் தோளைத் தொட வந்தார். காசிம் பாய் தோளை நகர்த்திக்கொண்டார்.

முடிந்தது என்று நினைத்து நான் திரும்பினேன்.

“எங்கிட்டுப் போற? நில்லு” என்றார் அழகம்மாள். “பாயி வழக்கு தீந்துச்சு. ஒன் வழக்கு? இப்ப உள்ள போயி மறுபடியும் பேசப்போற. நீ சொல்றத நாங்க எப்படி நம்புறது?”

முதலாளி நடுவே வந்தார். “இவனை விட்டா வேற ஆளு இல்லம்மா. இன்னிக்கும் நாளைக்கும் இவந்தான் பேசணும்.” என் வேலை நிலைத்தது இப்படித்தான். என் திறமைக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. வேறு ஆள் கிடைக்கவில்லை.

“அப்ப இன்னொரு சூடம் ஏத்து” என்றார் அழகம்மாள்.

ஏற்றினார்கள். வலது கையில் கொப்புளம் எழும்பியிருந்ததால் இடது கையை நீட்டினேன். “சோத்துக் கையால” என்றார் அவர். மறுபேச்சில்லாமல் வலது கையையே நீட்டி, கண்மாய்க்கரையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன்:

“இனிமே ஒங்களப் பாத்து நின்னு பேசமாட்டேன், திரையைப் பாத்துத்தான் பேசுவேன். படத்துல இருக்கறத மட்டும் சொல்வேன். புரியலைன்னா மைக்குலயே ‘எனக்குப் புரியலைங்க’ன்னு சொல்லிப்புட்டு, பெட்டிய விட்டு எறங்கி, தரையில ஒங்க பக்கத்துல ஒக்காந்து வாயை மூடிக்கிட்டுப் பாப்பேன். இது சத்தியம்.”